நர்ஸ் வீட்டு வாசல் கல்

நவம்பர் 4, 2024. திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சிப்பிச் சுண்ணாம்பைக் குழைத்து வாசல் கல்லின் கீழ் விளிம்பில் அடைத்தேன். இரண்டு மழைக்குப் பூச்சு உதிர்ந்து ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. எறும்பும் ஏறுகிறது. பிறகு கையைக் கழுவிவிட்டு அப்பாவுக்கு டயப்பர் மாற்றி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, கஞ்சி புகட்டினேன். பள்ளிக்கு ஐந்து நிமிடம் தாமதம். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மாலையில் எட்வின் அண்ணாச்சி வந்தார். மிஷன் ஆஸ்பத்திரி டிரஸ்டின் செயலாளர். நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு டிரஸ்டுக்குச் சொந்தம். இதை இடித்துவிட்டு டயாலிசிஸ் நிலையம் கட்டப் போவதாக ஜூலையில் கடிதம் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நான் கலெக்டரிடம் மனுக் கொடுத்தேன். வீட்டின் பாரம்பரிய மதிப்பை ஒரு குழு பார்த்து அறிக்கை தரும்வரை இடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

"பதினாலாந்தேதி குழு வருதாம். மதுரையிலருந்து ஒரு புரொபசர். கையில கொடுத்திருவோம்னு வந்தேன்" என்று தாளை நீட்டினார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்கு ஒங்க மேல கோவம் ஒண்ணும் கெடையாது, பியூலா. பணங் கொடுக்கிற டாக்டரு மார்ச்சுக்குள்ள வேலைய ஆரம்பிக்கணுங்காரு. ரோட்டோரம், டிரான்ஸ்பார்மர் பக்கம், நல்ல தண்ணிக் கெணறு. இந்த எடத்த விட்டா பின்னால கல்லறைத் தோட்டந்தான் இருக்கு. மெஷின அங்கனயா வைக்க?"

"பழைய வார்டு இருக்கே, அண்ணாச்சி."

"அது மேல்தளம் விழுந்து ரெண்டு வருசமாச்சே. ஒங்க வீட்டுச் சன்னல்லருந்து பாத்தாலே தெரியுமே."

போகும்போது வாசலில் நின்று கல்லில் வெட்டியிருந்ததைத் தடவினார். "ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொம்போது. எங்கய்யா செகரட்டரியா இருந்தப்பவே இந்த வீட்ட இடிக்கணும்னாவ. இந்தக் கல்லப் பாத்துட்டுத்தான் வுட்டுட்டாவ." விரலில் ஒட்டிய ஈரச் சுண்ணாம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை. பள்ளி விடுமுறை. அடைத்தது கரையவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

செல்வராணி சாயங்காலம் வந்து அப்பாவைக் குளிப்பாட்ட உதவினாள். பள்ளியில் ஆயாவாக இருப்பவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இரண்டு வருடமாக நாள் தவறாமல் வருகிறாள். அவள் தலைமாட்டில் பிடிக்க, நான் கால்மாட்டில் பிடிப்பேன். அவள் இல்லாவிட்டால் என்னால் அவரைப் புரட்டிப் போடக்கூட முடியாது.

அவள் கணவர் பொன்ராஜ் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி, காலை நாலரை பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு மதியத்துக்கு மேல் திரும்புகிறார். சுற்று வட்டாரத்திலிருந்து அந்த பஸ்ஸில் பதினோரு பேர் போகிறார்களாம்.

"டிரைவரே அதுக்கு டயாலிசிஸ் வண்டின்னு பேரு வச்சிட்டாரு. வேற ஆளு ஏறுனா, நீங்க எந்தக் கிட்னின்னு கேக்காராம்" என்றாள்.

"சாப்பாடு இறங்குகிறதா?"

"சாப்பாடா? தண்ணிதான் தொல்ல டீச்சர். ஒரு நாளைக்கு மூணு தம்ளருக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்கு. நான் அளந்து வச்சிட்டு வாரேன். மனுசன் கொல்லைக்குப் போயி அடிகொழாயில வாய வச்சுக் குடிக்காரு. திருட்டுப் பூன கணக்கா. நேத்துக் கையும் வாயுமா பிடிச்சிட்டேன்." சிரித்தாள். "காலு வீங்கி, செருப்பு ஏற மாட்டேங்கு. வாரு தொளதொளத்த எனக்க செருப்பப் போட்டுட்டுப் போறாரு."

டயாலிசிஸ் நிலையம் பற்றி அவள் இதுவரை என்னிடம் பேசியதே இல்லை. நானும் எடுப்பதில்லை. அப்பாவின் தலையைத் துவட்டும்போது அவள் கை கொஞ்சம் அழுத்தமாக இருந்ததுபோல் தோன்றியது. ஈரம் போக அழுத்தித்தான் துவட்ட வேண்டும்.

மனுவில் 'பாரம்பரிய மதிப்பு' என்று நான்கு இடத்தில் எழுதினேன். இந்த ஊரில் வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் மாடி வீடு, அப்பாவை எப்படி ஏற்றி இறக்குவது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். என் பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

குழு என்றால் ஒரே ஒருவர். பேராசிரியர் வைரவன். ஐம்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வீடு முழுவதும் நடந்தார். அளந்தார், தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். இரண்டு அறை, ஓர் அடுக்களை, நாட்டு ஓடு, பனங்கை விட்டம். அளக்க நேரம் ஆகாது என்று நினைத்திருந்தேன். நான்கு மணி நேரம் ஆயிற்று.

படுக்கையறையில் ஆஸ்பத்திரி பக்கம் திறக்கும் ஒரு கதவு உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. பக்கத்தில் சுவரோரமாகக் கூரைக்கு ஏறும் ஒரு கம்பி. "இது என்ன?" என்றார்.

"வார்டிலிருந்து மணி இழுக்கிற கம்பி. இது நர்ஸ் குவார்ட்டர்ஸ். எங்கள் அம்மா இங்கே நர்ஸாக இருந்தார்கள். பிரசவ வலி கண்டால் அந்தப் பக்கமிருந்து இழுப்பார்கள். அம்மா விளக்குப் போடாமலே எழுந்து போய்விடுவார்கள். கதவுக்குத் தாழ் போடக் கூடாது என்பது விதி."

"எவ்வளவு நாள் அப்படி?"

"பதினாறு வருடம்."

அவர் கம்பியை மெதுவாக இழுத்துப் பார்த்தார். மேல்முனையில் மணி இல்லை. கூரையில் எங்கோ துரு உதிர்ந்தது. "பெரிய பங்களான்னா காப்பாத்த நாலு பேர் வருவாங்கம்மா. இந்த மாதிரி வேலைக்காரங்க வீடுதான் முதல்ல போகும். என்னைக் கேட்டா அந்தக் கம்பியும் தாழ் இல்லாத கதவும் போதும். ஆனா மேல இருக்கிறவங்க வருஷத்தத்தான் கேப்பாங்க."

பிறகு சுவரில் ஒரு மூலையைக் கத்தியால் சரிவாகச் சீவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெங்காயம்போல் மெல்லிய அடுக்குகள். வருடத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முன்பு அடிக்கிற வெள்ளை. மேலிருந்து எண்ணிக்கொண்டே போனார். முப்பத்தைந்தில் நின்றார்.

"இங்க ஒரு கறுப்புக் கோடு இருக்கு பாருங்க. அழுக்கு. அந்த ஒரு வருஷம் அடிக்காம விட்டிருக்காங்க. ஏன்னு தெரியுமா?"

இந்த ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருடம் பண்டிகை கிடையாது, வெள்ளையும் கிடையாது. 1988 நவம்பரில் அம்மா இறந்தார்கள். "தெரியவில்லை" என்றேன்.

"இதுக்குக் கீழயும் அம்பது இருக்கும். அதுக்கப்புறம் உதிர்ந்துட்டதா, இல்லவே இல்லையான்னு சொல்ல முடியாது. வெள்ளைய வச்சு மட்டும் வயசு சொல்ல முடியாது."

கடைசியில் வாசலுக்கு வந்தார். கதவுக்கு இடது பக்கம் இடுப்பு உயரத்தில் பதிந்திருக்கும் கல் அது. ஒன்றரை அடிக்கு ஓர் அடி. ஆங்கிலத்தில் மிஸ் ஹாரியட் பெல் என்ற பெயர், அதன் கீழே 1869. ஜன்னலை ஒட்டிய கட்டிலிலிருந்து அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பவும் இப்படி வெளிய தெரிஞ்சிட்டே இருந்துதா?"

"இல்லை. பல வருட வெள்ளைக்கு அடியில் மறைந்து கிடந்தது. 1988இல் அப்பா சுரண்டும்போது வெளியே வந்தது. இவர்கள் இங்கே முதலில் வந்த மிஷனெரி நர்ஸ். பின்னால் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் கல்லறை இருக்கிறது."

அப்பா பேச்சு இருந்தவரை சொன்ன அதே வரிசையில் சொன்னேன். ஒரு சொல் மாறவில்லை.

அவர் எழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டினார். "என்ன கைங்க இது. இந்த ஒம்போதைப் பாருங்க. வாலைச் சுழிச்சுக் கொண்டுவந்து எங்க நிறுத்தியிருக்கான். இதை வெட்டினவன் லேசுப்பட்ட ஆள் இல்ல."

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சத்தம். அப்பா சிரித்தார். அசைகிற பாதி முகத்தால் மட்டும், எச்சில் வழிய, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இரண்டு வருடமாக நான் அதைப் பார்த்ததில்லை.

"சார் என்ன வேலை பார்த்தாங்க?"

"பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர்."

"அதான். அருமை தெரிஞ்சவரு" என்றார் வைரவன். பிறகு குனிந்து கல்லின் கீழ் விளிம்பைப் பார்த்தார். "இது புதுசா அடைச்சதா?"

"எறும்பு."

குறித்துக்கொண்டார்.

நவம்பர் 15, வெள்ளி

பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்ற பாடம் நடத்தினேன். கல்வெட்டு எதில் சேரும் என்று ஒருத்தி கேட்டாள். முதல்நிலை என்றேன்.

"அதை வெட்டினவங்க பொய் சொன்னா, டீச்சர்?"

மணி அடித்துவிட்டது.

நவம்பர் 20, புதன்

அம்மாவின் நினைவு நாள். பள்ளியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வீட்டுப் புழக்கடையிலிருந்து நூறு அடிதான். கோயில் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை நெருஞ்சியை வெட்டி ஒதுக்கியிருந்தார். மிஸ் பெல்லின் கல்லறைக்கு இரும்பு வேலி இருக்கிறது, பெயர் தெளிவாக இருக்கிறது. அம்மாவுக்குச் செங்கல் விளிம்பு கட்டிய மண்மேடும் ஒரு சிமெண்டுச் சிலுவையும் மட்டும். பெயர் கிடையாது.

மெழுகுவர்த்தியை மூன்று முறை ஏற்றினேன். காற்று அணைத்துவிட்டது.

கோயில்பிள்ளை அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஊருல பாதிப் பேர வெளியே எடுத்தவிய. அவியளுக்கு ஒரு கல்லு வச்சிருக்கலாம்லா, டீச்சர்? நான் வருசா வருசம் கேக்கேன்."

"கல் வாங்கியிருந்தோம்" என்றேன்.

"அப்பொறம்?"

அது வேறு காரியத்துக்குப் போய்விட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எழுதியதும் அடித்துவிடலாம் என்று தோன்றியது. அடிக்கவில்லை.

நவம்பர் 27, புதன்

வைரவன் தபாலில் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். குடியிருப்பவரின் வாக்குமூலம். 'என் அறிவுக்கு எட்டியவரை இந்தக் கல் வீடு கட்டிய காலம் முதல் இதே இடத்தில் இருந்துவருகிறது.' டிரஸ்டின் பழைய சொத்துப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டதால் வேறு ஆவணம் இல்லை, எனவே இது அவசியம் என்று ஒரு குறிப்பு. கூடவே தன் கையால் இரண்டு வரி: 'உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் காலியாகவே அனுப்பலாம். கம்பியையும் கதவையும் வைத்து என்னால் முடிந்ததை எழுதுகிறேன்.'

அப்பாவின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டேன். அரிசி ஊறவைத்தேன். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் முப்பத்தெட்டு திருத்தினேன். கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 28, வியாழன்

தபாலில் சேர்த்தாயிற்று.

டிசம்பர் 12, வியாழன்

நேற்று மதியத்திலிருந்து விடாத மழை. காலையில் ரோட்டில் முழங்கால் தண்ணீர். குளம் உடைந்து மேற்குப் பக்கம் ரோட்டை அறுத்துவிட்டது என்கிறார்கள். எந்த பஸ்ஸும் வரவில்லை. கரண்ட் இல்லை. அடுக்களையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. அப்பாவின் கட்டிலை நான் ஒருத்தியாகவே இழுத்து நகர்த்தினேன். செல்வராணி வரவில்லை.

இன்று வியாழன் என்பது மதியம்தான் உறைத்தது.

டிசம்பர் 13, வெள்ளி

குடையோடு செல்வராணி வீட்டுக்குப் போனேன். பொன்ராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"இருங்க, இருங்க."

"சார்வாள் எப்படி இருக்காவ, டீச்சர்?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "எனக்கு மூணாங்கிளாஸ்ல யானை வரையச் சொல்லித் தந்தாவ. வாலத்தான் நல்லா வரைஞ்சேன்னாவ."

செல்வராணி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். உடைப்பைத் தாண்டி அந்தப் பக்கம்தான் வர முடியும் என்றார்கள். "நாளைக்கு டிராக்டரு ஏற்பாடு பண்ணியிருக்கு. உடைப்பு வரைக்கும் போயிட்டா அந்தாண்ட வண்டி நிக்கும்" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "ஊரெல்லாம் தண்ணி. இப்பப் போயி குடிங்களேன் பாப்போம்" என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

டிசம்பர் 14, சனி

காலை ஏழு மணிக்கு, டிராக்டர் டிரெய்லரில், உடைப்புக்குப் போகும் வழியில் பொன்ராஜ் இறந்துபோனார்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அடக்கம். பெட்டி எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். வேறு வழி கிடையாது. வாசலில் தண்ணீர் தேங்கியிருந்ததால் சுமந்தவர்கள் சுவரை ஒட்டி நடந்தார்கள். பெட்டியின் மூலை கல்லில் இடித்தது. ஒருவர் நின்று, எதுவும் சேதமில்லையே என்று கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெட்டியைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்தார்.

டிசம்பர் 16, திங்கள்

ஒரு கணக்கு. ஆகஸ்டிலேயே வீட்டை இடித்திருந்தாலும் டிசம்பருக்குள் கட்டடம் எழும்பியிருக்காது. எழும்பினாலும் மெஷின் வந்திருக்காது. வந்தாலும் வியாழக்கிழமை கரண்ட் இல்லை. ஆகவே இந்தச் சாவுக்கும் என் மனுவுக்கும் தொடர்பில்லை. இதைத் தனித் தாளில் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் சரியாகத்தான் வருகிறது.

டிசம்பர் 18, புதன்

செல்வராணி வந்துவிட்டாள். அடக்கமாகி மூன்றே நாள். வர வேண்டாம் என்றேன்.

"வீட்டுல இருந்தா ஆளுக வந்து அழ வைக்குதாவ டீச்சர். இங்கன சார்வாளுக்கு முதுகு தேய்ச்சா அந்த நேரம் போவும்."

அப்பாவைப் புரட்டினோம். நான் இருக்க மாட்டாமல், "செல்வராணி, நான் அந்த மனுவைக் கொடுக்காமல் இருந்திருந்தால்..." என்று தொடங்கினேன்.

"ஒங்க வீட்டுக்கும் இதுக்கும் என்ன டீச்சர்? ஆகஸ்டுல இடிச்சிருந்தாலும் இப்பம் மெஷினு வந்திருக்காது." அவளும் அதே கணக்கைப் போட்டிருக்கிறாள். சோப்பை அலசினாள். "நேத்துலருந்து பஸ்ஸு ஓடுது. அவுக சீட்டுல இப்ப ஒரு புள்ள வருதாம். சாந்தபுரத்துப் புள்ள. காலேஜில ரெண்டாவது வருசம். பத்தொம்போது வயசு. கண்டக்டரு கேட்டாராம், இது கிட்னி ஆளு சீட்டு, நீ எதுக்கும்மா ஒக்காருதன்னு. அது டயாலிசிஸ் சீட்டை எடுத்துக் காமிச்சிருக்கு."

அப்பா, "ஆட்டும்" என்றார். ஆகட்டும் என்பது தேய்ந்தது; பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே சொல் அது. பசிக்கிறதா என்றாலும், வலிக்கிறதா என்றாலும் ஆட்டும்.

டிசம்பர் 19, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது. ஒன்பது பக்கம். மணிக் கம்பிக்கு ஒரு பத்தி. தாழில்லாக் கதவுக்கு ஒரு பத்தி. கல்லுக்கு இரண்டு பக்கம், நான்கு புகைப்படம். 'குடியிருப்பவரின் எழுத்துமூலமான வாக்குமூலத்தின் அடிப்படையில், 1869ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இவ்வீடு பாதுகாக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது.'

சாயங்காலம் எட்வின் அண்ணாச்சி வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"ஜெயிச்சிட்டிய."

அறிக்கையை மடித்து உறைக்குள் வைத்தேன்.

"டாக்டருக்குப் போன் போட்டேன். வேற ஊரு பாத்துக்கிடுதேன்னுட்டாரு. முப்பத்தொண்ணாந்தேதி வரைக்கும் வேணா யோசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்." கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார்வாள் கொடுத்து வச்சவரு. வீட்டுக்காக இவ்வளவு பாடுபட ஒரு மக. எங்கய்யா செத்த மறுவருசம் நாங்க வீட்ட வித்துட்டோம்."

அவர் போன பிறகு அப்பாவிடம் குனிந்து, "வீடு நமக்குத்தான், அப்பா. இடிக்க மாட்டார்கள்" என்றேன்.

"ஆட்டும்."

சுருங்கிப்போன வலது கையைத் தூக்கப் பார்த்தார். உளி பிடித்த கை. அது வாசல் பக்கம் நீண்டதா, வெறுமனே நடுங்கியதா என்று சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

வருடா வருடம் வெள்ளையடிக்கிற சுடலை வாளியும் நார் மட்டையும் கடப்பாரையுமாக வந்தார். உதிர்ந்த காரையைத் தட்டக் கடப்பாரை. நீலம் எவ்வளவு போடட்டும் என்று கேட்டார்.

"இந்த வருஷம் வேண்டாம், சுடலை."

"வேண்டாமா? பண்டிகைக்கு அஞ்சு நாளுதான் கெடக்கு. மழைக்குச் செவுரு பாசி பிடிச்சிருக்கு. ஏன், யாரு செத்தா?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம். கடப்பாரையை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை தருகிறேன்."

"தென்னங்கன்னு வைக்கப் போறியளா?"

தலையாட்டினேன்.

டிசம்பர் 21, சனி

இதை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

1988இல் எனக்குப் பத்து வயது. அம்மாவை அடக்கம் செய்த வாரமே அப்பா கல் வாங்கிவந்து, அடுக்களையில் சாக்கு விரித்து வெட்டத் தொடங்கினார். எழுத்துக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டார். 'மேரி செல்லத்தாய்'. அதன் கீழே 'நர்ஸ்'. அதன் கீழே பிறந்த வருடம், 1946, ஒரு சிறு கோடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து தூளை ஊதிவிடுவேன். அடுத்த எண்ணைத் தொடுவதற்குள் எட்வின் அண்ணாச்சியின் தகப்பனார் நோட்டீஸோடு வந்தார். நர்ஸ் இல்லை, எனவே குவார்ட்டர்ஸும் இல்லை. பொங்கலுக்குள் காலி செய்தால் இடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பெரிய வாசல் வைக்கலாம். அவர் கடுமையாகப் பேசவில்லை. எனக்குப் பிஸ்கட் கொடுத்தார்.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கல்லைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் மிஸ் பெல்லின் பெயரை இரவு பகலாக வெட்டினார்.

டிசம்பர் பதினெட்டு, ஞாயிறு. எல்லாரும் கோயிலில் இருந்தார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வர என்னைத்தான் அனுப்பினார். சொல்லிவிட்டு ஓடிவந்தேன். பாட்டுச் சத்தம் வரும்போது மட்டும் சுவரைக் குடைந்தார். ஜெபம் தொடங்கினால் நிறுத்திவிடுவார். நான் கோயிலைப் பார்த்து நின்று கையைக் காட்டுவேன். ஆழம் போதுமானதும் இருவருமாகத் தூக்கிப் பொருத்தினோம். கீழ் விளிம்புக்கு நேரே குடையாமல் விட்ட பழைய வெள்ளையைக் கொத்த நேரம் இல்லை, அதன் மேலேயே கல் படிந்தது. விளிம்பில் அது அப்படியே இருக்கிறது. கல்லோடு கட்டிய சுவரென்றால் கல்லுக்குப் பின்னால் ஐம்பது வருட வெள்ளை எப்படி இருக்கும்? வெளியே தெரிகிறது என்று நான் பயந்தது அதைத்தான். எறும்பு ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாள் அப்பா எல்லாரையும் கூப்பிட்டு, வெள்ளையைச் சுரண்டினேன், கல் வந்தது என்றார். ஐம்பது வெள்ளைக்கு அடியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் வீடு 1931. அம்மா ஒருமுறை பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அம்மா படுத்திருந்த அறையை அவரால் விட முடியவில்லை. ஆனால் முப்பத்தாறு வருடமாக அம்மாவின் பெயர் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. மணிச் சத்தம் கேட்டதும் இருட்டில் எழுந்து போனவர்கள். அவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டு, நாலரை பஸ்ஸில் போகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தேன். நாலரை வண்டி. பத்துப் பேரும் அந்தப் பெண்ணும். மடியில் ரெக்கார்டு நோட்டை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தவளையின் உள்ளுறுப்புகள். செல்வராணியின் கணவர் உட்கார்ந்த ஜன்னலோரம்.

நாளை ஞாயிறு. இரண்டாம் மணி அடித்து, எல்லாரும் உள்ளே போனதும் தொடங்குவேன். இந்த முறை பாட்டுக்குக் காத்திருக்கப் போவதில்லை. கீழே மூன்று சாக்கு விரித்துவிட்டேன், விழுந்தாலும் உடையாது. அம்மாவின் பெயர்ப் பக்கம் மேலே தெரியும்படி வாசலிலேயே போட்டுவிடுவேன். ஆராதனை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எட்வின் அண்ணாச்சியும். படித்துக்கொள்ளட்டும். சுவரில் இருக்கும் குழியையும் பார்த்துக்கொள்ளட்டும். வைரவனுக்குக் கடிதம் எழுதி உறையில் வைத்தாயிற்று. அப்பாவை எங்கே கொண்டுபோவேன் என்று இன்னும் தெரியவில்லை. அவருடைய பெயர் இந்த ஊரில் என்னவாகும் என்பது தெரியும்.

செல்வராணியிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவே போவதில்லை என்று நினைத்திருந்தேன். சற்று முன்பு கடப்பாரையை உள்ளே எடுத்துவந்து கதவோரம் சாய்த்தேன். கட்டிலிலிருந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆட்டும்" என்றார். எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே சொல்தான்.

அவருடைய பழைய பெட்டியைத் திறந்து சிறிய உளியை எடுத்து வைத்திருக்கிறேன். 1946ஐ அடுத்த கோட்டுக்குப் பிறகு நான்கு எண்களுக்கு இடம் விட்டிருக்கிறார். ஒன்பதின் வால் எனக்கு அவரைப்போல் வராது.